ஸ்மாவியின் காதும் பாஃபூவின் சுவரும்

ஸ்மாவி பிறந்தபோது தலைக்கு முன்னால் காதுதான் வெளியே வந்தது என்று பாலைவன ஊரான தின்ஸெராவில் சொல்வார்கள். பிரசவம் பார்த்தவளே சொன்னது என்று சத்தியமும் செய்வார்கள். ஒட்டகம் ஒன்று மொட்டைமாடியில் ஏறி நின்று கொட்டாவி விட்டதைக் கண்ணால் கண்டதாகவும் அவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாதியை மட்டும் ஊர் விட்டுவிடும். அன்றைக்கு மேலணைக் கோபுரத்தில் துப்பாக்கி வெடித்தது நிஜம். ஏழு வருஷமாக முகம் காட்டாத ஓடை இறங்கி வருகிறது என்று அர்த்தம். ஊரே பேரீச்சந்தோப்பைப் பார்த்து ஓட, பிள்ளையும் அந்தச் சத்தத்தைக் கேட்கும் அவசரத்தில் காதை முதலில் நீட்டிவிட்டதாம்.

காது பெரிய காதுதான், அதில் பொய்யில்லை. வெள்ளைத் தொப்பியை எவ்வளவு இழுத்துவிட்டாலும் இரண்டு பக்கமும் ஜாடியின் கைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பத்து வயதில் தோப்பில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் தரையில் காதை வைத்து, இன்னும் நாலு முழம் என்றான். நாலாவது முழத்தில் தண்ணீர் வந்தது. வெட்டியவர்களின் கால்விரல் இடுக்கில் ஈரமண் ஒட்டியிருந்ததை முதலிலேயே பார்த்திருந்தான் என்பது அவன் மனைவி மென்னாவுக்கு மட்டும், அதுவும் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தக் காது ஊர்ச்சொத்தாகிவிட்டது. அடுத்த தெருவில் குழாய் சொட்டினால் அவனுக்குக் கேட்கும்; அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அல்ஜியர்ஸில் மாமனார் தும்மினால் இங்கே கடையில் அவன் ‘அல்லாஹ் உங்களுக்கு இரங்கட்டும்’ என்று சொல்லுவான் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. அவனும் அதை வளரவிட்டான்.

இருபது வயதில் ஊர் வழக்கப்படி வடக்கே போய் சித்தப்பாவின் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றார். திரும்பி வந்து சொந்தமாக இரும்புக்கடை வைத்தார். சிமெண்ட், குழாய், ஆணி, பெயிண்ட். நல்ல நேரத்தில் வைத்தார் என்றார்கள். ஊர் பெருத்துக்கொண்டிருந்த காலம். குன்றின்மேல் வீடு, பள்ளத்தில் தோப்பு, நடுவில் ஓடை என்று முன்னோர் போட்ட கணக்கில், ஓடைக்குள் யாரும் சுவர் எழுப்பக் கூடாது என்று எழுதி வைக்கவில்லை. படுக்கையில் அடுப்பு மூட்டாதே என்று யாராவது எழுதி வைப்பார்களா? ஆனால் மூட்டினார்கள். ஓடை வராத ஒவ்வொரு வருஷமும் ஒரு கார் கொட்டகை, ஒரு பட்டறை, ஒரு வீடு குன்றிலிருந்து ஒரு படி கீழே இறங்கியது. மணலுக்குள் கடைசியாகக் கால் வைத்தது கீழ்ப்பேட்டை, இருநூறு வீடு. அத்தனைக்கும் சிமெண்ட் ஸ்மாவியின் கடையிலிருந்து போனது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மென்னாவின் அண்ணன் பாஃபூ அவரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கழுத்துக்குப் போனார். பாஃபூ ஸ்பாஞ்ச் மெத்தை வியாபாரி. அவருடைய சரக்கில் எடையே கிடையாது என்பதால் கடவுள் அந்த எடையையும் சேர்த்து அவர் உடம்பில் வைத்துவிட்டார் என்பார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓடை ஒடுங்கித் தோப்புப் பக்கம் திரும்பும் இடம்தான் கழுத்து. அதன் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, உள்ளே கிடங்கு வைத்து, தோப்புப் பக்கம் லாரி போக இரும்புக் கதவு போட வேண்டும் என்பது அவர் எண்ணம். பேரூராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்திய தாள்கூட வாங்கிவிட்டார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம்.

“மாப்ள, தாள அவனுக குடுத்துட்டானுக. நான் அத நம்பல. ஒங் காத வச்சுப் பாத்துச் சொல்லு. தண்ணி வருமா?”

ஸ்மாவி மண்டியிட்டார். காய்ந்த மணல் யாருக்கும் எதுவும் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். காதை வைப்பதற்கு முன்னாலேயே கண் பார்த்துவிட்டது. மணலில் அரை விரல் உயரத்துக்கு ஒரு வரிசைக் கற்கள், நடுநடுவே இடைவெளி விட்டு, பல்வரிசை போல. வருகிற வெள்ளத்தைத் தோப்புக்குத் தோப்பு அளந்து பிரிக்க முன்னோர் நட்ட கற்கள். இது ஓடையின் வாய். ஆனால் சந்தையில் புதிதாக வேறு ஒரு சிமெண்ட் கடை வந்திருந்தது. பாஃபூ கட்டவிருந்ததோ முப்பது தப்படி நீளச் சுவர்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, ஓடை செத்துப்போய்விட்டது, நிம்மதியாகக் கட்டு என்றார். மறுநாள் காலை மூன்று லாரி சிமெண்ட் போனது.

செத்த ஓடை ஆறு வருஷம் கழித்து வந்தது. பெரிய வெள்ளம்கூட இல்லை. குப்பையிலும் சுவர்களிலும் முட்டி முட்டி வழி தெரியாமல் திணறி, கடைசியில் கழுத்தில் அடைபட்டு, கரையேறி, கீழ்ப்பேட்டைக்குள் பாதி பலத்தோடு நுழைந்தது. அந்தப் பாதி பலமே ரொட்டிக் கடையை அடுப்போடு கொண்டுபோனது. கடைக்காரரையும் அவர் மனைவியையும் கொண்டுபோனது. அவர்கள் மகன் ஹம்மூ அன்று மாவு வாங்க வெளியூர் போயிருந்தான்.

ஊர் விழித்துக்கொண்டது. காலம் காலமாக இருந்து நடுவில் பெயருக்கு மட்டும் மிஞ்சியிருந்த வெள்ளக் காவலர் சபைக்கு மறுபடி ஐந்து பேரைப் பொறுக்கினார்கள். தலைவர் உவைஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டாவது பெயராக ஸ்மாவியைச் சொன்னார்கள். காவலுக்குக் காது வேண்டாமா? மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மறுக்கவில்லை. பள்ளிவாசலில் தண்ணீர்ச் சட்டிக்குள் வலது கையை அமிழ்த்தி, தண்ணீர் விஷயத்தில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்தபோது, பாஃபூவின் வாயால் முன்பே எல்லாம் கேட்டிருந்த மென்னா, அவருடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெந்திருக்கான்னு பாத்தேன்.”

தண்ணீர் விஷயத்தில் பொய் சொன்னவனுக்கு அந்த ஊரில் அடி உதை கிடையாது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பெயரை வாசிப்பார்கள். அன்றிலிருந்து மன்னிப்புக் கிடைக்கும்வரை அவனுக்கு யாரும் சலாம் சொல்லமாட்டார்கள். அவன் சொன்னால் பதில் வராது. அவன் கடையில் வாங்கமாட்டார்கள், அவன் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார்கள். கடைக்காரனை அதைவிடக் குழியில் வைத்து மூடிவிடலாம்.

இரண்டு வருஷம் ஓடையைச் சுத்தம் செய்தார்கள். காவலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் தண்ணீர் நடக்கிற திசையில்தான் நடப்பார்கள், எதிர்த்து நடப்பதில்லை. ஓடையைப் பார்வையிடுவதும் அப்படித்தான், தூர்வாருவதும் அப்படித்தான். மேலணையில் தொடங்கிக் கீழே இறங்கி வரவேண்டும். டயர், குளிர்சாதனப் பெட்டி, செத்த கார்கள் எல்லாம் எடுத்தார்கள். ஒரு முழுப் பேருந்தே கிடைத்தது. உள்ளே குடியிருந்த கோழி, கடைசி நிறுத்தம் வரவில்லை என்று இறங்க மறுத்ததாம். நாற்பத்து மூன்று சுவர் இடித்தார்கள். அதற்கும் முறை இருந்தது. எந்தச் சுவரானாலும் சொந்தக்காரன் தன் கையால் முதல் கல்லை எடுத்துத் தர வேண்டும். அவன் எடுக்காமல் காவலர் கை வைத்தால் அது கொள்ளை. நாற்பத்து மூன்று பேரும் முனகிக்கொண்டே எடுத்தார்கள்.

நாற்பத்து நாலாவது, எல்லாவற்றுக்கும் கீழே, பாஃபூவின் சுவர். கேட்டபோதெல்லாம் முத்திரைத் தாளைக் காட்டினார். கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே தேதி மேல் தேதி. ஏன் இந்தப் பிடிவாதம் என்று உவைஸ் கேட்டதற்கு அவர் சொன்ன ஒரே பதில், எங்க மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்பதுதான். ஏதோ பெண் கொடுத்த பெண் எடுத்த சண்டை என்று சபை நினைத்துக்கொண்டது.

கீழிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று ஸ்மாவிக்கு முதல் வாரமே தோன்றியது. மேலே வழியைத் திறந்துகொண்டே வந்து கீழே அடைத்து வைத்தால் வருகிற தண்ணீர் முழு வேகத்தில் வந்து முட்டும். ஆனால் கீழிருந்து தொடங்கினால் முதல் சுவரே பாஃபூவின் சுவர், முதல் பேச்சே அந்தப் பேச்சு. வழக்கம் மேலிருந்து என்கிறபோது அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து ஆவியில் அவித்த கோதுமை ரவை, கூஸ்கூஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மென்னா கொண்டைக்கடலையை அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வெடிச்சத்தம். மேலே பீடபூமியில் மழை. ஒரு வெடி என்றால் அவ்வளவுதான்; பாதி நேரம் அது மணலுக்குள்ளேயே போய்விடும். கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தார், பிறகு மறுபடி எடுத்தார். மூன்றாவது கவளம் தொண்டையில் இருக்கும்போது சேர்ந்தாற்போல் இரண்டு வெடி. மேலணையைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

அவர்கள் மகள் பியா கீழ்ப்பேட்டையில் இருந்தாள். பிள்ளை பெற்று இருபது நாள். மென்னா எழுந்து வெள்ளைக் கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் அதைச் சுற்றினால் வெளியே தெரிவது ஒரு கண் மட்டும்தான். மென்னாவின் அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பயந்து வேலி தாண்டிய ஆடு தானாகவே திரும்பி வந்திருக்கிறது.

“நான் பியாவ மாடிக்கி ஏத்துறேன். நீங்க எங்கண்ணங்கிட்டப் போங்க.”

“அவன் கேக்கமாட்டான்டி.”

“கேக்கத் தெரியாதவனில்ல எங்கண்ணன். கேக்க வேண்டியத நீங்க இன்னும் சொல்லல.”

ஸ்மாவி ஓடினார். ஐம்பத்து நாலு வயது, தொளதொள கால்சட்டை, செருப்பில் ஒன்று வழியிலேயே போய்விட்டது. கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பது ஆண்கள் கடப்பாரையும் சம்மட்டியுமாக நின்றிருந்தார்கள். ஒருவர் கையும் சுவரில் படவில்லை. பேரூராட்சி அலுவலகத்தின் மண்வாரி இயந்திரம் ஓடையின் அக்கரையில் நின்றது. ஓட்டுநர் சாவியோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். சுவரின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பாஃபூ. மடியில் உறை போட்ட முத்திரைத் தாள், கையில் தேநீர் குவளை. அது காலியாகி வெகுநேரமாகியிருந்தது. விரல்கள் மட்டும் அதை விடவில்லை.

உவைஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டார். முன்பெல்லாம் மேலணையிலிருந்து கழுத்துக்கு மூன்று மணி நேரம். அது முட்டி மோதி வந்த காலம். இப்போது வழி துடைத்துவிட்டது போல் கிடக்கிறது. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு விடை அப்போதுதான் தெரிந்தது. போன தடவை பாதி பலத்தோடு வந்த தண்ணீர் ரொட்டிக் கடையைக் கொண்டுபோனது. இந்தத் தடவை முழு பலத்தோடு வந்து இந்தச் சுவரில் முட்டும். வலது பக்கம் பாறை. இடது பக்கம் பாறை தொடங்குமுன் இடுப்புயரக் கரை. கரைக்கு அந்தப் பக்கம் இருநூறு வீடு. அவர்கள் இரண்டு வருஷமாக வியர்வை சிந்திச் செய்தது ஒரு பீரங்கிக் குழாய், வாய் கீழ்ப்பேட்டையைப் பார்த்து.

ரொட்டிக் கடைக்காரரின் மகன் ஹம்மூ சம்மட்டியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.

உவைஸ் பாஃபூவிடம் போய்க் குனிந்து பேசினார். அல்லாஹ்வுக்காக என்றார், கீழே இருக்கிற குழந்தைகளுக்காக என்றார், புதுச் சுவரை ஊர் செலவில் வேறு இடத்தில் கட்டித் தருகிறோம் என்றார். பாஃபூ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அவரைத் தாண்டி ஸ்மாவியைப் பார்த்தார்.

“நான் பேராசக்காரன்னு இந்த ஊரு ஒம்பது வருஷமா சொல்லுது. ஓடைய அடச்சவன்னு சொல்லுது. ரொட்டிக்கடக்காரரு ஜனாஸா அடக்கத்துல எனக்குப் பக்கத்துல ஒருத்தன் நிக்கல. சரி. நான் கட்டுனேன். கட்டலாம்னு சொன்னவன் யாருன்னு அவன் வாயால சொல்லட்டும். இப்பவே கல்ல எடுக்குறேன்.”

முப்பது முகமும் திரும்பின. ஸ்மாவிக்குத் தன் காது இரண்டும் சூடேறுவது தெரிந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒரு எண்ணம் வந்தது. தனியாகக் கூப்பிட்டுக் காலில் விழலாம். அணையிலேயே தண்ணீர் நின்றுவிடலாம். எத்தனையோ தடவை நின்றிருக்கிறது. கடை கண்முன் வந்தது, அடுக்கி வைத்த பெயிண்ட் டப்பாக்கள், வாசலில் நின்று ‘உங்கள் மீது சாந்தி’ என்று தினமும் சொல்லிப் போகிற இருநூறு வாய்கள். அவர் இடது கரையைப் பார்த்தார். அதற்கு மேல் தெரிந்த மாடிகளில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், பாய், போர்வை, அழுகிற பிள்ளைகள். ஒரு மாடியில் வெள்ளையாக ஒரு உருவம், மார்போடு ஏதோ மூட்டை. மூட்டை கையை ஆட்டியது.

அப்போது மூன்று வெடி. ஒன்று, இரண்டு, மூன்று. மேலணை நிரம்பி வழிந்துவிட்டது.

“நான் சொன்னேன்,” என்றார் ஸ்மாவி.

அது யாருக்கும் கேட்கவில்லை. உவைஸ் என்ன என்றார்.

“நாந்தான் சொன்னேன். இங்க மண்டி போட்டுக் காத வச்சு, ஓட செத்துப்போச்சு, கட்டுன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு எப்பவுமே ஒண்ணும் கேட்டதில்ல. இந்தச் செவத்துக்கு அடியில கல்லுவரிச இருக்கு, அதப் பாத்துட்டுத்தான் சொன்னேன். சிமெண்ட் விக்கணும்னு சொன்னேன். அப்புறம் தண்ணிச் சட்டியில கைய வச்சுச் சத்தியம் பண்ணேன்.”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, மூச்சு வாங்க நின்றார். உவைஸ் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லா முகமும் திரும்பின, கதிர் காற்றில் சாய்வது போல. ஹம்மூ மட்டும் திரும்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்பியிருந்தால் தேவலை.

பாஃபூ எழுந்தார். நாற்காலி அவரோடு சேர்ந்து எழுந்து, பிறகு விடுபட்டு விழுந்தது. சுவரின் மேல்வரிசையில் ஒரு கல்லை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கல் அசையவில்லை. மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கல் அப்படியே இருந்தது.

“என்ன எழவு சிமெண்ட்டுடா குடுத்த?”

“ஒண்ணுக்கு அஞ்சு மணல் போடச் சொன்னேன். நீ ஒண்ணுக்கு மூணு போட்ருக்க.”

“பயத்துல போட்டேன்.”

முறைப்படி முதல் கல் சொந்தக்காரன் கையால் வரவேண்டும். முப்பது பேர் முப்பது கடப்பாரையோடு நிற்க, ஒரு கல்லை அசைக்க முடியாத ஒரு மெத்தை வியாபாரி. ஸ்மாவி பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்து, கலவைக் கோட்டில் எங்கே குத்த வேண்டும் என்று விரலால் காட்டினார். அந்த வேலை அவருக்குத் தெரியும். எங்கே கலவை மெலிந்திருக்கும் என்று ஆயிரம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அங்கல்ல, இரண்டு விரல் கீழே. நிமிர்த்திப் பிடி. உடம்பைக் கொடு. பாஃபூ உடம்பைக் கொடுத்தார். கடவுள் சேர்த்து வைத்திருந்த எடை முதல் தடவையாகப் பயன்பட்டது. கல் பல் பிடுங்குகிற சத்தத்தோடு வந்து அவர் காலடியில் விழுந்தது.

முப்பது பேரும் பாய்ந்தார்கள். நாலு கை அகலம், எட்டுக் கை அகலம். தூசியில் ஆள் முகம் தெரியவில்லை. யாரும் ஸ்மாவியோடு பேசவில்லை. ஆனால் அவர் விரல் காட்டிய இடத்தில் சம்மட்டி விழுந்தது. ஆள் உயர ஓட்டை விழுந்து அதன் வழியாக உள்முற்றம் தெரிந்தபோதுதான் பாஃபூ கத்தினார்.

“கதவு. அந்தப் பக்கக் கதவப் பூட்டிருக்கேன்.”

முற்றத்தின் மறுகோடியில் தோப்பைப் பார்த்த இரும்புக் கதவு. அது மூடியிருந்தால் சுவரை இடித்து என்ன, இடிக்காமல் என்ன. பாஃபூ ஓட்டைக்குள் நுழைந்தார், ஸ்மாவி பின்னால். முற்றத்தைக் கடக்க அறுபது தப்படி. சாவிக்கொத்தில் பதினேழு சாவி. பாஃபூ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது சாவி, ஆறாவது. அப்போதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக, ஸ்மாவியின் காதுக்கு உண்மையாகவே கேட்டது. முதலில் கால் வழியாக வந்தது. நிறைய பேர் தூரத்தில் கல் அரைக்கிற மாதிரி. அவர் எதுவும் சொல்லவில்லை. பாஃபூவின் கையிலிருந்து கொத்தை வாங்கி, தான் விற்ற பூட்டு என்பதால் அதன் சாவி குட்டையாக, மூன்று பல்லோடு இருக்கும் என்று தேடி எடுத்துத் திருகினார். கதவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேருமாகத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பாறையில் வெட்டிய படி பக்கத்திலேயே இருந்தது. நாலாவது படிக்கு ஏறும்போது கீழே முற்றம் இல்லை.

மற்றவர்கள் அதற்குள் பாறைமேல் ஏறியிருந்தார்கள். தண்ணீர் என்று அதைச் சொல்ல முடியாது. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர், முள்ளும் நுரையும் செத்த மரமும் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து, பாஃபூவின் சுவரோடு மோதியது. ஓட்டைக்குள் பாதி நுழைந்தது, மீதி எழும்பியது. இடது கரையின் விளிம்புக்கு ஒரு முழம். ஒரு சாண். மாடிகளில் சத்தமே இல்லை. நாலு விரல். கரையின் மேல் நாக்குப் போல நீர் ஒன்று எட்டிப் பார்த்து, கீழ்ப்பேட்டைப் பக்கம் வழியத் தொடங்கியது. உவைஸ் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சுவர் கதவு திறப்பது போல் மடங்கியது. கரையேறிய நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. ஓடை தன் பழைய கழுத்து வழியாகத் திரும்பித் தோப்புக்குள் போனது.

அதன் பின்னால் மெத்தைகள் போயின. இரண்டாயிரம் ஸ்பாஞ்ச் மெத்தைகள், ஒன்றன்பின் ஒன்றாக. பாதித் தண்ணீரை அவையே குடித்துவிட்டன, இல்லாவிட்டால் வெள்ளம் துனிஸ் வரை போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஒரு மெத்தையில் ஒரு வெள்ளாடு படுத்துக்கொண்டே போனதாகவும், பேரீச்ச மர உச்சிகளில் மாட்டிய மெத்தைகளில் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொக்குகள் சொகுசாக முட்டையிட்டதாகவும் சொன்னார்கள். கீழ்ப்பேட்டையில் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. அடுப்புகள் அணைந்தன, பாய்கள் நனைந்தன. ஆள் ஒன்றும் போகவில்லை. பியா பிள்ளையை மாடியிலேயே தூங்கவைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பெயர் வாசித்தார்கள். ஸ்மாவி கடைசி வரிசையில் இருந்து அதைக் கேட்டார். அவர் செய்த உதவியையும் சேர்த்து எடைபோடலாமே என்று யாரோ உவைஸிடம் கேட்டதாகவும், இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அவர் சொல்லிவிட்டதாகவும் பேச்சு. பாஃபூவும் ஊரோடுதான் நின்றார். சந்தையில் எதிரில் வந்தால் அந்தப் பெரிய உடம்பை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். தங்கைக்கு மட்டும் வாரம் ஒருமுறை இறைச்சி அனுப்பினார். அளவு இரண்டு பேருக்கானது.

கடையை மூடியாயிற்று. வீட்டில் மென்னா பேசினாள். காலையில் அவர் வெளியே கிளம்பும்போது கதவருகே நின்று, ஊருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன் என்று இருநூறு சலாமை ஒன்றாகத் திணிப்பது போல் ஒரு சலாம் சொல்வாள். அவர் போவது கழுத்துக்குத்தான். வெள்ளம் சுவரின் அடித்தளத்தையும் தோண்டிக்கொண்டு போயிருந்தது. பல்வரிசைக் கற்கள் வெளியே வந்திருந்தன. இடையில் வண்டல் அடைத்திருந்தது. ஒரு சிறு மண்வெட்டியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு கல் கல்லாகச் சுரண்டினார். கழுத்து முடிந்ததும் அதற்கு மேலே, பிறகு அதற்கும் மேலே. கீழிருந்து மேலாக, தண்ணீருக்கு எதிராக. மேலே போகிற வழியில் ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வசந்தத்தில் காவலர்கள் தூர்வார வந்தபோது, மேலணைக்குப் போகாமல் நேராகக் கழுத்துக்கு வந்தார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. அவர்கள் வந்ததைப் பார்த்ததும் ஸ்மாவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நூறு தப்படி தள்ளிப்போய் வேலை செய்தார்.

மன்னிக்க வேண்டியது ஊர் அல்ல என்று சபை சொல்லிவிட்டது. அது ஹம்மூவின் உரிமை. மூன்று வெள்ளிக்கிழமை ஸ்மாவி தொழுகைக்குப் பின் எழுந்து நின்று கேட்டார். மூன்று தடவையும் ஹம்மூ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவனைத் துரத்துவது இன்னொரு கெட்ட வேலை என்று தோன்றியது.

ஒன்பதாவது மாதம், ஜூன் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு காலை. ஸ்மாவி கற்களுக்கு நடுவில் குந்தியிருந்தார். ஹம்மூவின் புதுக்கடை இப்போது மேட்டில் இருந்தது. கூடையில் ரொட்டியோடு அவன் கரை வழியாகத் தினமும் போவான். அன்று நின்றான். ஏதோ சொன்னான். ஸ்மாவி சுரண்டிக்கொண்டே இருந்தார். ஒன்பது மாதமாக வெளியே யாரும் எதுவும் சொல்லாத காது, கேட்பதை நிறுத்திவிட்டிருந்தது.

ஹம்மூ கரையிலிருந்து இரண்டடி இறங்கி வந்தான்.

“ஸலாமு அலைக்கும்னேன்.”

ஸ்மாவி நிமிர்ந்தார். பதில் சொல்ல வாய் திறந்தது. ஹம்மூ காத்திருக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வரிசையின் அந்தக் கோடியைப் பார்த்தான்.

“கடைசிக் கல்லு சாஞ்சு நிக்குது. அத நேரா நிறுத்துங்க. எங்க தோப்புக்கு அந்த எடவெளிலதான் தண்ணி வரணும்.”